ஏரிக்குக் காய்ச்சல் வருமா?

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் ஏரி இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே, வயலெல்லாம் மனையாகிவிட்ட பிறகு பாசனம் செய்ய ஆளில்லாமல் நிற்கிற பல ஏரிகளில் அதுவும் ஒன்று. நான்கு வருடங்களுக்கு முன் அதைச் சீரமைத்தார்கள். ஆகாயத்தாமரையை அள்ளிக் கொட்டினார்கள், தூர் வாரினார்கள், கரையை உயர்த்தி உள்சரிவு முழுக்கக் கல் பதித்தார்கள். மேலே நடைபாதை, விளக்குக் கம்பம், நாலைந்து சிமென்ட் பெஞ்சு. நுழையும் இடத்தில் ஒரு பலகை: 'ஆரோக்கியமான ஏரி, ஆரோக்கியமான வாழ்வு.'

மிகுதித் தண்ணீர் வழிந்தோடுகிற கலங்கல் பக்கம் ஒருவர் காலையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன்.

"என்னண்ணே, ஏரி இப்ப நல்லாயிருக்கா?"

"தண்ணி நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா மாட்டுறதெல்லாம் ஜிலேபிதான். விரால் ஒண்ணுகூட இல்ல. சாக்கடையா கெடந்தப்பகூட விரால் இருந்துச்சு."

பக்கத்தில் வைத்திருந்த கேரி பேகை விரித்துக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஆறு ஜிலேபிக் கெண்டை. அச்சில் வார்த்தது போல எல்லாம் ஒரே அளவு.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். தண்ணீரில் ஆக்சிஜன் வற்றிப்போனாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இனம் பெருக அதற்குக் கரையோரத்தில் ஆழமில்லாத தண்ணீரும் புல் பூண்டும் வேண்டும். செடிகளுக்கு நடுவே ஓர் இடத்தை ஒதுக்கிச் சுத்தம் செய்து முட்டையிடும். சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து திரியும்வரை தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கல் பதித்த சரிவில் அந்த இடமே கிடையாது. சாக்கடையைத் தாங்கிய மீனால் சீரமைப்பைத் தாங்க முடியவில்லை.

ஆக, ஏரி நலமாக இருக்கிறது என்கிறது பலகை. இல்லை என்கிறார் தூண்டில்காரர். ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் மூன்றாவதாக ஒரு பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வருகிற பறவை ஆர்வலரிடம் நான்காவது பதில் இருக்கும். இவர்களில் யார் சொல்வது சரி என்று பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஏரிக்கும் காட்டுக்கும் கழிமுகத்துக்கும் ஆரோக்கியம் என்று ஒன்று இருக்கிறதா? உடம்புக்குச் சொல்கிற சொல்லை அவற்றுக்கு இரவல் கொடுக்கும்போது பொருளும் கூடவே போகிறதா, வெறும் சொல் மட்டும் போகிறதா?

இந்த இரவல் புதிதல்ல. உரம் போட்டுப் போட்டு 'மண்ணு செத்துப்போச்சு' என்று சொல்லாத விவசாயி இல்லை. 'ஆறு செத்துக்கிட்டிருக்கு' என்று தலைப்புப் போடாத பத்திரிகையும் இல்லை. கேட்கிற யாருக்கும் புரிகிறது. புரிகிறது என்பதாலேயே அது அளந்து சொல்லக்கூடிய ஒன்றாகிவிடாது. இதை வைத்து சூழலியலாளர்கள் நூறாண்டுக்கு மேலாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916இல் ஒரு தாவரக் கூட்டத்தை முழு உயிரி என்றே கருதினார். வெட்டவெளியில் முதலில் புல், பிறகு புதர், பிறகு மரம் என்று காடு உருவாவது, குழந்தை வளர்ந்து ஆளாவதைப் போன்றது என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் ஒரு முதிர்ந்த நிலை உண்டு. நிலம் தடைபடாமல் போனால் அங்கே போய்ச் சேரும். இந்தக் கணக்கு சரியென்றால் நம் கேள்விக்கு விடை சுலபம்: முதிர்ந்த நிலைக்குப் போய்க்கொண்டிருந்தால் ஆரோக்கியம், போகாமல் நின்றால் நோய்.

1926இல் ஹென்றி கிளீசன் இதை மறுத்தார். அவர் பார்வையில் காடு என்பது ஒரே பஸ் நிறுத்தத்தில் நிற்கும் கூட்டம் மாதிரிதான் (உவமை என்னுடையது). ஒவ்வொரு செடியும் தன் தேவைக்கு, தன் விதை விழுந்த விதத்தில் அங்கே வந்திருக்கிறது. பக்கத்தில் நிற்பதால் அவையெல்லாம் ஒரே உடம்பின் உறுப்புகள் ஆகிவிடாது.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் பிரிட்டனின் ஆர்தர் டான்ஸ்லி 1935இல் 'ஈகோசிஸ்டம்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உயிரி என்ற பேச்சு வேண்டாம், உயிருள்ளவையும் மண், நீர், காற்றும் சேர்ந்த ஓர் அமைப்பு என்று சொல்வோம் என்பது அவர் வாதம். வேடிக்கை என்னவென்றால், உடம்பு உவமையைத் தள்ளிவைக்கப் பிறந்த சொல் அது. இன்று அந்தச் சொல்லைச் சூழல்மண்டலம் என்று மொழிபெயர்த்து, அதன் முன்னால் 'ஆரோக்கியமான' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

உடம்பு உவமை எங்கே உதைக்கிறது? என் உடம்புக்குத் தோல் இருக்கிறது. எது நான், எது நான் இல்லை என்பதில் சந்தேகமில்லை. ஏரிக்குத் தோல் எங்கே? கரையோடு முடிகிறதா, நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதுமா, சைபீரியாவிலிருந்து வந்து இறங்குகிற வாத்தும் அதில் சேர்த்தியா? கோட்டை நாம்தான் போடுகிறோம். என் சிறுநீரகத்துக்கு ஒரு வேலை உண்டு. கோடிக்கணக்கான ஆண்டு இயற்கைத் தேர்வு அந்த வேலைக்காகவே அதைச் செதுக்கியிருக்கிறது. அது வேலை செய்யாவிட்டால் நோய் என்பதில் தகராறு இல்லை. ஏரிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, நல்ல ஏரி குட்டி போட்டு, மோசமான ஏரி வாரிசில்லாமல் ஒழிந்துபோன வரலாறு ஏதும் கிடையாது. ஏரிக்குள் இருக்கிற ஒவ்வொரு உயிரும் தேர்வாகி வந்தது. ஏரி அப்படி வந்ததல்ல. எனவே ஏரிக்கென்று ஒரு 98.6 டிகிரி இல்லை. அதற்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்ல எதை வைத்து ஒப்பிடுவது?

சாவிலும் இதே சிக்கல். வண்டல் படிந்து படிந்து ஏரி சதுப்பாகும், சதுப்பு புல்வெளியாகும். இதில் எந்த நாளில் ஏரி செத்தது? அங்கே உயிர்கள் முன்பைவிடக் குறைந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செம்மணல் மேடு, ஆங்காங்கே பனை, உடைமரம், புதர். தஞ்சாவூரிலிருந்து போகிறவர் கண்ணுக்கு நோயாளி நிலம். அது நோயாளி அல்ல, அது தேரி. அவ்வளவுதான்.

ஒட்டுண்ணி விஷயம் இன்னும் சுவையானது. உடம்பில் ஒட்டுண்ணி அதிகமானால் நோய் என்கிறோம். கலிஃபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும் மூன்று கழிமுகங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வொன்று, அங்கே இருக்கும் ஒட்டுண்ணிகளை எல்லாம் சேர்த்து எடை போட்டால் உச்ச வேட்டையாடிகளான பறவைகளின் மொத்த எடையை மிஞ்சும் என்று கண்டது. தட்டைப்புழு ஒன்று நத்தைக்குள் வளர்ந்து, மீனுக்குப் போய், பறவையின் வயிற்றில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புழு அங்கே இருக்கிறது என்றால் நத்தை, மீன், பறவை மூன்றும் இருக்கின்றன என்று பொருள். சீர்கெட்ட கழிமுகத்தில் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். நத்தைகள் புழுவில்லாமல் சுத்தமாக இருக்கும். சங்கிலி அறாத கழிமுகத்திலோ நத்தைகள் பல நோயாளி, ஆனால் கழிமுகம் நலம். உடம்பை வைத்து இதைப் புரிந்துகொள்ளவே முடியாது.

இவ்வளவு இருந்தும் 1990களின் தொடக்கத்தில் இந்தச் சொல்லை அளவிடத் தக்கதாக்கிவிட வேண்டும் என்று ஒரு பெருமுயற்சி நடந்தது. அதில் அதிகம் பேசப்பட்டது சூழலியல் பொருளாதார அறிஞர் ராபர்ட் காஸ்டான்சா 1992இல் முன்வைத்த சூத்திரம். வீரியம், ஒழுங்கமைவு, மீள்திறன் மூன்றையும் பெருக்கு, வருவதுதான் ஆரோக்கியம். வீரியம் என்றால் எவ்வளவு உற்பத்தியாகிறது. ஒழுங்கமைவு என்றால் எத்தனை வகை உயிர்கள், அவற்றுக்குள் எத்தனை தொடர்பு. மீள்திறன் என்றால் அடிபட்டால் எழுந்து நிற்கும் தெம்பு. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. கையில் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனால் ஒவ்வொன்றாக வழுக்குகிறது.

வீரியத்தை எடுத்துக்கொள்வோம். கழிவுநீரும் உரநீரும் இறங்கிப் பச்சைக் குழம்பாகிவிட்ட ஏரியைவிட வீரியமான ஏரி கிடையாது. பாஸ்பரஸும் நைட்ரஜனும் தின்று பாசி இரவு பகலாகப் பெருகுகிறது. 'யூட்ரோஃபிக்' என்று அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பேருக்குக் கிரேக்கத்தில் 'நன்றாக ஊட்டப்பட்டது' என்றுதான் பொருள். கொழுத்துப்போன ஏரி. தெளிந்து கிடக்கும் மலை ஏரி ஒன்றுக்கு இந்த அளவுகோலில் சோகை பிடித்திருக்கிறது என்றாகும்.

நீலகிரியில் இதே தவறு பெரிய அளவில் நடந்தது. மடிப்புகளில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி என்று கிடந்த மலையைப் பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு, புல்வெளி என்பது மரம் அழிந்துபோய் மிச்சமிருக்கும் நிலமாகத் தெரிந்தது. அரசு ஏடுகளில் தரிசு. கற்பூர மரம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிற யூகலிப்டஸையும், சீகை மர வகையான வாட்டிலையும், பைனையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் ஆட்களும் தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கைப் பட்டு ஆலைக்கும் என்று அதையே இன்னும் வேகமாகச் செய்தார்கள். மர எடையையும் பசுமையையும் வைத்துப் பார்த்தால் அந்த மலைக்கு உடம்பு தேறியிருக்கிறது. செயற்கைக்கோள் படத்திலும் பச்சை கூடியிருக்கும். ஆனால் சாண்டிநல்லா சதுப்பில் புதைந்து மட்கிய தாவரங்களின் கார்பன் ஐசோடோப்புகளை (புல்லா மரமா என்று காட்டிக்கொடுக்கும் கார்பன் அணு வகைகளை) ஆராய்ந்து, இந்த மலையில் புல்லும் மரமும் 20,000 ஆண்டுகளாகவாவது காலநிலைக்கேற்பக் கூடியும் குறைந்தும் இருந்து வந்திருக்கின்றன என்று 1993இல் காட்டினார்கள். யாரோ வெட்டியதால் வந்த புல் அல்ல அது. கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு அளந்தபோது, யூகலிப்டஸ் நட்ட பகுதியில் முதல் பத்தாண்டிலேயே ஓடைக்கு வரும் தண்ணீர் சுமார் 16 விழுக்காடு குறைந்திருந்தது. வரையாட்டுக்குப் புல் போயிற்று, கீழே அணைக்குத் தண்ணீர் குறைந்தது, வீரியம் மட்டும் ஏறியது.

மீள்திறனும் இப்படித்தான் காலை வாரிவிடும். ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலங்காட்டை வெட்டிப் பாருங்கள், தூரிலிருந்து தழைத்துவிடும். வறட்சிக்கு அசையாது, உவருக்கு அசையாது. மீள்திறனுக்குப் பரிசு கொடுத்தால் முதல் பரிசு அதற்குத்தான். மோசமான நிலைகளும் விடாப்பிடியாக நிற்கும். சொல்லப்போனால் அவைதான் அதிகம் அடம் பிடிக்கும். (அந்தக் கருவேலத்தை நம்பிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களிடம் அதை 'மோசமான நிலை' என்று சொல்லிப் பார்த்தால் கிடைக்கும் பதில் வேறு.)

வேறொரு வழி, சூத்திரத்தை விட்டுவிட்டு ஒப்பீட்டுக்குப் போவது. அமெரிக்காவின் ஜேம்ஸ் கார் 1981இல் நடுமேற்கு மாநில ஓடைகளுக்கு ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டார். மீன்களை மட்டும் பார்ப்பார். எத்தனை இனம், அழுக்கைத் தாங்காத இனங்கள் இருக்கின்றனவா, எதையும் தின்னும் மீன் எத்தனை பங்கு, புண்ணும் ஊனமும் உள்ளவை எத்தனை என்று 12 கேள்விகள். மனிதக் கை அதிகம் படாத பக்கத்து ஓடையோடு ஒப்பிட்டு மதிப்பெண். அறுபதுக்கு அறுபது எடுத்தால் நல்ல ஓடை. எங்கள் தூண்டில்காரர் 'விரால் இல்ல, ஜிலேபி மட்டும்' என்றபோது செய்ததும் ஏறக்குறைய இதுதான், மதிப்பெண் போடவில்லை என்பதைத் தவிர.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2000ஆம் ஆண்டின் 'நீர்ச் சட்டகம்' என்ற ஆணையின்படி ஒவ்வொரு ஆறும் ஏரியும் மிக நன்று என்பதிலிருந்து மிக மோசம் வரை ஐந்து படிகளில் ஒன்றில் வர வேண்டும். பாசி, செடி, பூச்சி, மீன் என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண்தான் மொத்த மதிப்பெண். எல்லாம் 2015க்குள் 'நன்று' ஆகிவிட வேண்டும் என்றார்கள். 2018இல் ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை கணக்குப் பார்த்தபோது ஏறத்தாழ 40 விழுக்காடுதான் அந்தப் படியைத் தொட்டிருந்தது. முயற்சி போதவில்லை என்பது ஒரு பக்கம். 'மனிதக் கை படாத நிலை' என்று ஐரோப்பாவில் எதைக் காட்டுவது என்பது இன்னொரு பக்கம். ஆயிரம் வருடமாக மில் ஓட்டி, கால்வாய் வெட்டி, நேராக்கிய ஆறுகள் அவை.

நம் நாட்டு முறை வேறு மாதிரி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரை ஏ முதல் இ வரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. ஏ என்றால் கிருமி நீக்கினாலே குடிக்கலாம், பி குளிக்க, சி வழக்கமான சுத்திகரிப்புக்குப் பின் குடிக்க, டி காட்டுயிருக்கும் மீன் வளர்ப்புக்கும், இ பாசனத்துக்கும் ஆலைக் குளிர்விப்புக்கும். டி வகுப்புக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜனாவது கரைந்திருக்க வேண்டும். ஆறு நலமா என்று இந்தப் பட்டியல் கேட்பதே இல்லை. எதற்கு ஆகும் என்றுதான் கேட்கிறது. சுயநலமான கேள்வி என்று சூழல் ஆர்வலர்கள் கோபப்படுவார்கள். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. அளவுகோல் யாருடையது என்பதை ஒளித்து வைக்கவில்லை.

வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். சுமார் 30 ஹெக்டேர் ஏரி. மழைக்குப் பிறகு நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். கிளை, இலை, தண்ணீர் எல்லாம் எச்சம். கிட்டே போனால் நாற்றம் மூக்கைத் துளைக்கும். தண்ணீரைச் சோதித்தால் மிகையூட்டம், அதாவது அந்த 'யூட்ரோஃபிக்' நிலை என்றுதான் வரும். அந்தத் தண்ணீர் பாய்கிற வயலுக்கு உரமே வேண்டாம் என்பது ஊர்க்காரர்களின் அனுபவம். அதனால்தான் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பறவைகளைச் சுடுகிறார்கள் என்று செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். ஆய்வுக்கூடம் சீக்கு என்று சொல்லக்கூடிய ஒன்றை இருநூறு ஆண்டுக்கு மேலாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருக்கிறது ஒரு கிராமம். மும்பை தாணே சிற்றோடையில் பூநாரைகள் பெருகியதற்கும், நகரத்துக் கழிவின் சத்தில் வளர்ந்த நுண்பாசி ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பூநாரை வந்துவிட்டது, ஆகவே சுத்தமாகிவிட்டது என்று செய்தி படிக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

அளவுகோலைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பரத்பூரைவிட நல்ல சாட்சி இல்லை. ராஜஸ்தானின் கேவலாதேவ் பறவைகள் பூங்கா, 29 சதுர கிலோமீட்டர். இயற்கை உருவாக்கியது அல்ல. பரத்பூர் மன்னர்கள் பள்ளத்தை அணைகட்டிப் பிரித்து, கால்வாயில் தண்ணீர் கொண்டுவந்து, வாத்துச் சுடுவதற்காகவே வளர்த்த சதுப்பு. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. பின்னாளில் பறவைகள் பிழைத்தன, பெயர் பரவியது, தேசியப் பூங்கா ஆயிற்று. தேசியப் பூங்கா என்றால் உள்ளே கால்நடை மேயக் கூடாது. மேய்ச்சல் என்பது நோய் என்று சட்டத்திலும் அதிகாரிகள் மனதிலும் எழுதியிருந்தது. 1982 நவம்பரில் சுற்றியிருந்த கிராமங்களின் எருமைகளை நிறுத்தினார்கள். மறித்து நின்ற மக்கள் மேல் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின.

அதன் பிறகு பூங்காவுக்கு உடம்பு தேறியிருக்க வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் 1980 முதல் பத்து வருடம் அங்கேயே தங்கி ஆராய்ந்தார்கள். தடைக்கு முன்னும் பின்னும் அவர்களிடம் கணக்கு இருந்தது, இது எல்லா ஆய்வுக்கும் வாய்க்கிற அதிர்ஷ்டம் அல்ல. எருமை போனதும் 'பாஸ்பாலம்' என்ற நீர்ப்புல் காடாக மண்டியது. தண்ணீர்ப் பரப்பை மூடியது. திறந்த ஆழமற்ற நீரில் மேய்கிற வாத்துகளுக்கு இடம் சுருங்கியது, மீன் குறைந்தது, மீனை நம்பிய நாரைகளுக்கும் பாடு. புல்டோசர் விட்டுக்கூடப் புல்லை அகற்றிப் பார்த்தார்கள். எருமை இலவசமாகச் செய்துவந்த வேலை அது. 1990இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் சர்வதேச ஒப்பந்தத்தின்கீழ் சீர்கெட்டுவரும் ஈரநிலங்களுக்கான மான்ட்ரூ பதிவேட்டில் கேவலாதேவின் பெயர் ஏறியது.

இந்தக் கதையை 'மேய்ச்சல் நல்லது' என்று சுருக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது இதன் பாடமில்லை என்று நினைக்கிறேன். எருமையை வெளியேற்றியவர்கள் மனதில் இருந்த ஆரோக்கியம், மனிதன் தொடாத கன்னி நிலம். ஆனால் அவர்கள் காப்பாற்ற விரும்பியது பறவைக் கூட்டம். அந்தக் கூட்டத்தைத் தாங்கியது கால்வாய்த் தண்ணீரும் எருமையின் வாயும். ஆரோக்கியம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு ஆசைகள் இருந்தன, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். சொல் ஒன்றாக இருந்ததால் அந்த முரண் யார் கண்ணிலும் படவில்லை. இன்றும் அந்தப் பூங்கா வெளித்தண்ணீரில்தான் பிழைக்கிறது. மழை பொய்க்கிற வருடங்களில் மேலே உள்ள பாஞ்சனா அணையிலிருந்து விவசாயிக்கா, பறவைக்கா என்று தகராறு வரும். டிரிப்ஸ் ஏறிக்கொண்டே இருக்கிற ஒருவரை நலம் என்பதா நோயாளி என்பதா? உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ 1985இல் சொல்லிவிட்டது.

அப்படியானால் இந்தச் சொல்லைத் தூக்கி எறிந்துவிடலாமா? சில ஆய்வாளர்கள் எறிந்துவிடச் சொன்னார்கள். ஆரோக்கியம் என்று ஒரு எண்ணை உண்டாக்கி அதற்குள் பத்து அளவைகளைப் போட்டு மூடுவதைவிட, அந்தப் பத்தையும் வெளியே வைப்பதே மேல் என்பது அவர்கள் பக்கம். பாதிவரை நான் அவர்களோடு போகிறேன். மீதிப் பாதிக்கு என்னைத் தடுப்பது ஆழமில்லாத ஏரிகள்.

நெதர்லாந்தில் வெலுவமேர் என்று ஒரு ஏரி. ஆழம் ஆளுயரத்துக்கு மேல் அதிகமில்லை. அடியில் நீர்ச்செடிகள் மெத்தை மாதிரி, தண்ணீர் கண்ணாடி. அந்தத் தெளிவைச் செடிகளே காத்தன. வேர் சேற்றைப் பிடித்துக்கொள்ளும், செடிக்குள் ஒளிந்திருக்கும் நீர்த்தெள்ளு என்னும் நுண்ணிய உயிர்கள் பாசியைத் தின்னும். 1960களில் பாஸ்பரஸ் ஏறிக்கொண்டே வந்தது. நெடுநாள் ஒன்றும் ஆகவில்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமை ஒட்டி வந்தபோது சட்டென்று கவிழ்ந்தது: பாசி வெளிச்சத்தை மறைக்க, செடி சாக, சேறு கலங்க, கலங்கிய தண்ணீரில் மறுபடி செடி முளைக்க முடியாமல் போயிற்று. பிறகு கழிவைச் சுத்திகரித்துப் பாஸ்பரஸைக் குறைத்தார்கள். கவிழ்ந்த அதே அளவுக்கு வந்தும் ஏரி திரும்பவில்லை. அதில் பாதிக்கும் கீழே இறக்கிய பிறகு, 1990களில்தான் செடிகள் திரும்பின. ஏறிய படியிலேயே இறங்க முடியாது. நெதர்லாந்துச் சூழலியலாளர் மார்ட்டென் ஷெஃபர் முதலானோர் இந்த இரட்டை நிலையை விளக்கினார்கள்.

தெளிந்த ஏரி நல்லது, கலங்கிய ஏரி கெட்டது என்பது நம் விருப்பம். அதில் ஏரிக்குக் கருத்தில்லை. ஆனால் தெளிந்த நிலை இன்னும் எவ்வளவு அடி தாங்கும், எந்த இடத்தில் கவிழும், கவிழ்ந்தால் திரும்ப எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பவை யாருடைய விருப்பத்தையும் கேட்டு அமைவதில்லை. 'இந்த ஏரி நலமாக இல்லை' என்று 1960களின் நடுவில் ஒருவர் வெலுவமேரைப் பற்றிச் சொல்லியிருந்தால், தண்ணீர் அப்போதும் தெளிவாக இருந்திருக்கும், செடி இருந்திருக்கும், மீன் இருந்திருக்கும். இருந்தும் அவர் சொன்னது உண்மை. தாங்கும் இருப்பு கரைந்துகொண்டிருந்தது. அமெரிக்க வனவியலாளர் ஆல்டோ லியோபோல்ட் 1940களில் நிலத்தின் ஆரோக்கியம் என்பது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் திறன் என்று சொன்னபோது அவர் கைவைத்த இடம் இது. எந்த நிலையைப் புதுப்பிப்பது என்பதை மட்டும் அந்த வரையறை சொல்லவில்லை.

எனவே எனக்கு 'ஆரோக்கியமான ஏரி' என்பது பாதியில் நிற்கிற வாக்கியம். 'கூர்மையான' என்றால் கத்திக்கு ஒரு பொருள், ஊசிக்கு ஒரு பொருள். எதற்காக, யாருக்காக, எந்தக் காலத்து நிலையோடு ஒப்பிட்டு என்று மீதியை எழுதினால் அது சோதிக்கக்கூடிய கூற்றாகிவிடும். எழுதாவிட்டால் பலகையில் வைக்கத்தான் ஆகும். அதிலும் மூன்றாவது கேள்வியில் அதிகம் வழுக்கும். மீன்வள விஞ்ஞானி டேனியல் பாலி 1995இல் தன் துறையினரைப் பற்றிச் சொன்னது இது: ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலைக்குச் சேர்ந்தபோது கடலில் இருந்த மீனையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. எனக்கு இயல்பான ஏரி ஆகாயத்தாமரைக்கு முந்தியது. என் மகனுக்கு நடைபாதையோடு சேர்ந்தது.

மீதியை எழுதிய பிறகும் சண்டை தீராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானல் பக்கம் பழைய வாட்டில், பைன் தோப்புகளுக்குள் போனால், அந்த அந்நிய மரங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. வெயிலும் பனியும் நேராக அடிக்கிற புல்வெளியில் பிழைக்காத கன்றுகள் அவை. வாட்டிலை வெட்டினால் புல்வெளி திரும்பலாம் என்று ஒருவர்; வெட்டாமல் விட்டால் சோலை வளரும், வெட்டிய இடத்திலோ வாட்டில் விதைதான் மறுபடி முளைக்கும் என்று இன்னொருவர். இருவரும் மலையின் ஆரோக்கியத்துக்காகவே பேசுகிறார்கள், இருவருக்கும் தாவரவியல் தெரியும். அந்த மேட்டில் வரையாடு வேண்டுமா, சோலை மரம் வேண்டுமா என்பது தாவரவியல் கேள்வியல்ல.

போன மழைக்குப் பிறகு எங்கள் ஏரியில் ஒரு மாற்றம். தண்ணீர் வந்து விழுகிற ஓடை முகப்பில் கல் பதிக்க நிதி போதவில்லை போல, இருபது அடி மண்கரையாக விட்டுவிட்டார்கள். அங்கே கோரையும் சம்பும் கிளம்பி இடுப்புயரம் நிற்கிறது. தூண்டில்காரர் கலங்கலை விட்டு அந்தப் பக்கம் இடம் மாறிவிட்டார். இன்னும் விரால் மாட்டவில்லை, ஆனால் ஒருநாள் விடியலில் செவ்வரியாய்க் குஞ்சுக் கூட்டம் ஒன்று கோரைக்குள் போனதைப் பார்த்தேன் என்கிறார். அந்த இருபது அடியில் பாம்பு வருகிறது, புல்லை வெட்டிக் கல் பதிக்க வேண்டும் என்று நடைப்பயிற்சிக்காரர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். என்னிடமும் கையெழுத்து கேட்டு வந்தார்கள்.